அத்தானின் மருந்துப் பம்பு

அந்தத் தகரப் பம்பின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காலையில், அத்தான் ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், புஸ், புஸ் என்று. எழுபதுகளின் கடைசியில் வேலை தேடி டெல்லிக்குப் போய், சரோஜினி நகரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அரசாங்கக் குவார்ட்டர்ஸ், தரைத்தளம், வாசலில் கொஞ்சம் மண். அதில் அக்கா பரங்கி போட்டிருந்தாள். தென்காசியில் எங்கள் அம்மா வைத்திருந்த விதை. அம்மா போனபின் மிஞ்சிய கடைசிப் பிடி. காய் பிடிக்காவிட்டால் அந்த வித்தே அற்றுப்போகும்.

அத்தானுக்குப் பறப்பது, ஊர்வது எதுவும் ஆகாது. "பூச்சின்னா பூச்சிதான், அதுல என்ன நல்லது கெட்டது?" என்பார். பரங்கிப்பூ விரிவதும் தேனீ வருவதும் காலையில்தான். அவர் மருந்தடிப்பதும் அப்போதுதான். அவ்வளவு பங்ச்சுவல் மனுஷன். தேனீக்கள் வராந்தாவில் செத்து விழும். பூவடிப் பிஞ்சுகள் மஞ்சளடித்து உதிரும். மண் சரியில்லை என்று இன்னும் கொஞ்சம் அடிப்பார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், தன் பீர்க்கும் காய்க்கவில்லை, இதை நிறுத்துங்கள் என்று சுவருக்கு மேல் எட்டிக் கெஞ்சினார். "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கமும் இரண்டு புஸ். இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

பேசிச் சலித்த அக்கா, அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவினாள். "இவுகளுக்கு வாக்கப்பட்டு, பூவுக்கும் நாந்தான் கல்யாணம் பண்ணி வைக்க வேண்டியிருக்கு" என்றாள்.

ஒரே ஒரு காய் பிடித்தது. அத்தான் அதைத் தட்டிப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "பாத்தியா மாப்ள, எல்லாம் மருந்தோட மகிமை."

அக்கா காயை முற்றவிட்டு விதை எடுத்தாள். அந்த வாரமே பம்பும் காணாமல் போனது. அத்தான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார்.

இப்போது நான் இருக்கும் அடுக்ககத்தில், மாடித் தேன்கூட்டுக்கு மருந்தடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார் செயலாளர். மாடியில் அவர் வைத்த எலுமிச்சை ஏன் காய்க்கவில்லை என்று போன மாதம் என்னிடம் கேட்டவரும் அவரேதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்து, அக்காவிடம் போனில் புலம்பினேன்.

"பேசி என்னத்துக்குடா? பம்பை ஒளிச்சு வை. உங்கத்தான் பம்பு என் டிரங்குப் பெட்டியிலதான் இன்னும் கெடக்கு."

ஜன்னல் வழியே பார்க்கிறேன். வந்திருக்கும் ஆள் பம்பை முதுகில் மாட்டியிருக்கிறான். அதை ஒளிக்கிற அளவுக்கு என்னிடம் பெட்டி இல்லை. அதற்குள் அவன் மாடியேறிவிட்டான்; மேலே புஸ் என்று தொடங்கிவிட்டது.