பிஸ்கட் டின்னில் ஆறு பல்

என் மேசையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. நீள்சதுரம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அதன் மூடியில் ஒரு காலத்தில் சிவப்பு மையால் கீறிய மண்டையோடு இருந்தது. இப்போது மண்டை இல்லை, கண்குழிகள் இல்லை, குறுக்கே கிடந்த எலும்புகளும் இல்லை. ஆறு பல் மட்டும் மிச்சம். முகமே இல்லாமல் சிரிப்பது எப்படி என்று யாராவது அறிய விரும்பினால் எங்கள் வீட்டுக்கு வரலாம். உள்ளே பிஸ்கட் இல்லை. மூன்று மெல்லிய ஸ்பிரிங்குகள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தொங்குகின்றன. விரலால் தட்டினால், தூரத்தில் எங்கோ கூரைத்தகரம் சரிவதுபோல ஒரு சத்தம் வந்து மெல்ல அடங்கும். என் மனைவி இதைக் குப்பையில் போடப் பலமுறை முயன்றாள். நான் விடவில்லை. கடைசியில், பிஸ்கட்டாவது போட்டு வைப்போம் என்று சமாதானத்துக்கு வந்தாள். அதற்கும் விடவில்லை.

டின்னைச் செய்தவரை நாங்கள் பாஸ் என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்தவர் எல்லாரும் பாஸ்தான். மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று. இவர் மட்டக்களப்பு டவுனில் லேத் பட்டறை வைத்திருந்த, போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பகலில் வள்ளங்களின் எஞ்சினுக்குத் தண்டு கடைவார், சனிக்கிழமை பின்னேரம் கையிலுள்ள கிறீசைக் கழுவிவிட்டுக் கிற்றார் எடுப்பார். நான் வாழைச்சேனையில் கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுப்பவன். எங்கள் இசைக்குழுவில் அவருக்குப் பக்கத்தில் நின்று தாளத்துக்கு இன்னொரு கிற்றாரில் கம்பி தட்டுவதும், இடையில் பகிடி சொல்லி ஆட்களைச் சிரிக்க வைப்பதும் என் வேலை. இரண்டாவது வேலையில்தான் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு வாசித்தோம். முதலில் ரொக் அண்ட் ரோல். மூன்று கோர்ட் தெரிந்தால் போதும் என்றார்கள். எனக்கு இரண்டரை தெரியும். பாடுவதுதான் சிக்கல். ஆங்கிலச் சொற்களைக் காதால் பிடித்து வாயால் விட்டோம், இடையில் மூளைக்கு வேலை கொடுக்கவில்லை. அப்போதுதான் ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு கசற்றை விட்டுப்போனார். அமெரிக்கக் கடற்கரைப் பெடியள் பலகையில் ஏறி அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்காகவே பிறந்த கிற்றார் இசை. அதில் பாட்டே இல்லை. எங்களுக்கென்றே செய்து அனுப்பியதுபோல இருந்தது.

அந்த இசையில் கிற்றார் ஈரமாக ஒலிக்கும். ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் எங்கோ போய் நனைந்து திரும்பி வரும். அதற்கு ஒரு கருவி இருக்கிறது, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது என்று பாஸ் எங்கோ கேள்விப்பட்டார். அவ்வளவுதான். ஹோட்டல் குசினியில் கேட்டு வாங்கிய பிஸ்கட் டின்னுக்குள் மூன்று ஸ்பிரிங்குகளைத் தானே சுற்றி மாட்டினார். ஒரு முனையில் பழைய டெலிபோன் ரிசீவரின் உள்வட்டு, மறுமுனையில் கிராமபோன் ஊசித்தலை. கிற்றாரின் சத்தம் ஒரு பக்கத்தால் போய், ஸ்பிரிங்கில் ஆடி, மறுபக்கத்தால் நனைந்து வந்தது.

பாசிக்குடாவைத் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள பகிடி விளங்கும். அங்கே அலையே இல்லை. கடலுக்குள் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பில் நிற்கும். குழந்தைகளை விட்டுவிட்டுத் தாய்மார் கதைத்துக்கொண்டிருக்கும் கடல் அது. அந்தக் கடலுக்கு முன்னால் நின்றுகொண்டு நாங்கள் பனை உயர அலைகளை வாசித்தோம். கடைசி உருப்படியின் முடிவில் பாஸ் காலைத் தூக்கி டின்னுக்கு ஒரு உதை கொடுப்பார். மூன்று ஸ்பிரிங்கும் ஒன்றாக மோதி, பெரிய அலை உடைந்து விழுவதுபோல மண்டபமே அதிரும். வெள்ளைக்காரர் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

அந்தச் சத்தம் வேண்டாத நேரத்திலும் வந்தது. வெயிட்டர்மார் போகிற வருகிற போக்கில் டின்னில் இடிக்க, இடி விழுந்ததுபோல வெடித்து, வெள்ளைக்காரரின் பியர் மடியில் கொட்டியது. ஆட்களைத் தூரத்தில் நிறுத்த நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வள்ளத்துக்குப் பூசும் சிவப்பு மையை எடுத்து மூடியில் ஒரு மண்டையோடு கீறினேன். அந்த நாளில் எங்களுக்குத் தெரிந்த மண்டையோடு கரண்ட் கம்பத்தில் இருப்பது மட்டும்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் வாழ்க்கையில் கீறிய ஒரே படம் என்பதால் போகுமிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். மண்டையோடு சிவப்பில் கண்ணிவெடிப் பலகையாக ஊரெல்லாம் வேலியில் தொங்கும், அதற்கப்பால் காலை வைத்தால் கால் இருக்காது என்றொரு காலம் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர் வரவில்லை. நாங்கள் டவுனுக்குள் கலியாண வீடுகளுக்கு வாசித்தோம். டின் பட்டறையைவிட்டு அதிகம் வெளியே போனதில்லை. சுனாமிக்கு முந்தின நாள், கிறிஸ்து பிறந்த நத்தார் இரவு, ஒரு மண்டபத்தில் வாசித்துவிட்டு, புது வருட நிகழ்ச்சி எங்கள் பக்கம் என்பதால் கிற்றார், அம்பிளிஃபயர், டின் எல்லாவற்றையும் நான் வாழைச்சேனைக்குக் கொண்டுவந்தேன். காலையில் பாஸ் மகளுடன் பூசைக்குப் போனார். அவர் மனைவி சமைக்க வேண்டுமென்று வீட்டில் நின்றார். வீடு கடலோரத்தில்.

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பாஸ் பிறகு கிற்றாரைக் கேட்கவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. எங்கள் குழுவின் பெயரில் 'அலை' என்று ஒரு சொல் இருந்தது. அந்தப் பெயரை எவரும் வாயில் எடுக்கவில்லை. அலையை வாசித்துக் கைதட்டல் வாங்கியவர்கள் நாங்கள். ஒரு உதை, ஒரு கும்பிடு என்று முடித்தவர்கள்.

இரண்டரை வருடம் போனது. கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லத் தொடங்கியிருந்தது. சோதனைச் சாவடிகள் அதைக் கேட்கவில்லை போலும், அப்படியே இருந்தன. பாஸின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அவள் டவுனிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். "அங்கிள், எனக்கு வேற ஒண்டும் வேணாம். நான் ஆடக்குள்ள என்ர டடா வாசிக்கணும். ஒரே ஒரு வால்ட்ஸ். நீங்க சொன்னா கேப்பார்." நான் சொன்னேன். அவர் கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, தன் ஓட்டோவில் வந்து இறங்கினார். படியேறும்போதே சொன்னார்: "கிற்றாரும் அம்பிளிஃபயரும் போதும். அந்த டின்ன எடுக்காத."

நான் எடுத்தேன். மண்டபத்தில் அதைப் பார்த்தால் மனம் மாறுவார், ஒருவேளை பழையபடி வாசிப்பார் என்று ஒரு கற்பனை. அவர் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், கடையிலிருந்து கொண்டுவந்த அரிசிச் சாக்கில் டின்னைப் போட்டுப் பின் சீற்றுக்கு அடியில் தள்ளினேன். வழி முழுக்க எனக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன்.

சாவடியில் உச்சி வெயில். ஒரு சிப்பாய் கிற்றாரைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு குனிந்து சாக்கை இழுத்தான். உள்ளே ஸ்பிரிங்குகள் சிணுங்கின. அவன் கை நின்றது. சாக்கின் வாயை விரித்தான். சிவப்பு மண்டையோடு அவனைப் பார்த்துச் சிரித்தது.

அவன் கத்தியது எனக்கு விளங்கவில்லை, விளங்கத் தேவையும் இருக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தார் ரோட்டில் முழங்காலில் இருந்தோம், கை பிடரியில். பின்னால் வந்த பஸ் தானாகப் பின்பக்கம் போனது. பாஸ் ஓரக்கண்ணால், சாக்கைவிட்டு வெளியே கிடந்த டின்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தரம்.

அதிகாரி ஒருவர் மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தார். மெலிந்தவர், நித்திரையில்லாத கண். தட்டுத்தடுமாறும் தமிழில் கேட்டார். "இது யாரு கீறினது?"

விடை என் நாக்கின் நுனியில் இருந்தது. முப்பது வருடம் கேட்காதவர்களுக்கும் சொன்ன விடை. அந்த மாதங்களில் சாவடியில் 'நான்தான்' என்று சொன்னவர்களில் சிலர் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள். பெயரும் முகமும் அடையாள அட்டையிலுள்ள ஊரும் எனக்கு உதவக்கூடியவை அல்ல. இதெல்லாம் நியாயங்கள்; பிறகு வீட்டில் இருந்து யோசித்துச் சேர்த்தவை. அந்த நேரத்தில் நடந்தது இவ்வளவுதான்: ஊரெல்லாம் பெருமையடித்த வாய் திறக்கவில்லை.

"நான்தான் சேர்," என்றார் பாஸ்.

நாளை மறுநாள் மகளைக் கையில் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டியவர். அவளுக்குத் தாயும் இல்லை.

அதிகாரி காலால் டின்னை மெல்லச் சாய்த்து, மூடியைத் தன் பக்கம் திருப்பினார். மூடி இப்போது எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்குத்தான் தெரிந்தது. சிங்களத்தில் ஏதோ கேட்டார். பாஸ் ஒரு சொல்லில் விடை சொன்னார். என் சிங்களம் அரிசி, சீனி, எத்தனை கிலோ என்ற அளவில் நிற்பது. அதுவும் பயத்தில் காது அடைத்திருந்தது. அதிகாரி குனிந்து மூடியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் என்னை யாரும் பார்த்ததில்லை, பெண் பார்க்கப் போன வீட்டில்கூட.

திறக்கச் சொன்னார். பாஸ் திறந்தார். மூடியிருந்தபோது அது சந்தேகம் மட்டும்தான். உள்ளே ஸ்பிரிங், வயர், டெலிபோன் வட்டு என்று கண்டதும் சிப்பாய்களுக்கு நிச்சயமாகிவிட்டது. எல்லாரும் பின்வாங்கினார்கள். இசைக்கருவி என்று பாஸ் சொல்ல, அதிகாரி தூரத்திலிருந்து சொன்னார்: அப்படியென்றால் வாசி.

சாவடியின் பல்புக்கு வரும் வயரை இழுத்துக் கொடுத்தார்கள். பாஸ் கிற்றாரை டின்னிலும் டின்னை அம்பிளிஃபயரிலும் கொழுவினார். கை நடுங்கவில்லை, லேத்தில் வேலை செய்கிற கை. ரோட்டின் நடுவில் நாங்கள் இரண்டு பேர். மணல்மூட்டைகளுக்குப் பின்னால் எங்கள் ரசிகர்கள், அனைவரும் குப்புறப் படுத்தபடி. சுவிச்சைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. வால்வு போட்ட பழைய அம்பிளிஃபயர், சூடாகி வாய் திறக்க அரை நிமிடம் எடுக்கும். எங்களுக்கு அது தெரியும், அவர்களுக்குத் தெரியாது. துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகக் 'கிளிக்' என்றன.

"பாஸ், என்னமாச்சும் சொல்லுங்க அவங்களுக்கு," என்றேன் உதடு அசையாமல்.

"சும்மா இரிகா. வால்வு சூடாகட்டும்."

"சூடாகக்குள்ள சுட்டுப்போடுவான்கள்."

"இப்பதான் வாய் திறக்கிறாய்," என்றார்.

அம்பிளிஃபயர் மெல்ல இரையத் தொடங்கியது. வால்ட்ஸ் வாசிப்பார் என்று நினைத்தேன். ஒரு பைலா ஆட்டப்பாட்டு வாசித்தால் சிப்பாய்கள் தாளம் போட்டு விட்டுவிடுவார்கள் என்றும் நினைத்தேன். அவர் அடிக்கம்பியில் விரலை வைத்து, அந்த அலையைத் தொடங்கினார். தடதடவென்று ஒரே கம்பியில் ஓடி ஏறும் அந்த உருப்படி. இரண்டரை வருடம் தொடாத விரல், ஒரு சுரம் தவறவில்லை. ஈரமான அந்தச் சத்தம் தார் ரோட்டின் மேல் விரிந்து, வயலுக்குப் போய், திரும்பி வந்தது. அவர் கண்ணை மூடவில்லை. டின்னையே பார்த்துக்கொண்டு வாசித்தார். மணல்மூட்டைக்கு மேலே தொப்பிகள் ஒவ்வொன்றாக எழும்பின. அலை ஏறி ஏறி உச்சிக்கு வந்தது. பாஸ் வலது காலைத் தூக்கினார்.

உதைத்தால் அந்த வெடி வரும். அத்தனை துப்பாக்கியும் எங்கள் பக்கம்.

கால் டின்னுக்கு மேலே நின்றது. பிறகு மெல்ல இறங்கி ரோட்டில் பதிந்தது. கம்பியை உள்ளங்கையால் அமர்த்திச் சத்தத்தை அணைத்தார்.

யாரும் கை தட்டவில்லை. அதிகாரி கிட்ட வந்து, போகலாம் என்று கையைக் காட்டினார். போகமுன் அந்தப் படத்தைச் சுரண்ட வேண்டும் என்றார். கீறியதாகச் சொன்னவர் பாஸ். ஆனால் கத்தியை அதிகாரி நீட்டியது என்னிடம். ரோட்டோரத்தில் குந்தியிருந்து சுரண்டினேன். மூடியின் விளிம்பு மடிப்பில் கத்தி போகவில்லை. நான் கீறிய ஆறு பல்லும் அப்படியே மிஞ்சின.

திரும்பவும் ஓட்டோ ஓடத் தொடங்கி இரண்டு மைல் போனது. பிறகு பாஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"டின்ன ஏன்கா ஏத்தின?"

"மகள் கேட்டாவே எண்டு…"

"மகள் கேட்டது வால்ட்ஸ். மண்டையோடா கேட்டா?"

கலியாணத்தில் வால்ட்ஸ்தான் வாசித்தார், டின் இல்லாமல். நன்றாகத்தான் இருந்தது. சண்டை நாடு முழுக்க முடிந்த பிறகு மகளும் மருமகனும் அவரை அவுஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு பகிடியில் முடித்தேன்.

இப்போது பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் வந்துவிட்டன. இரண்டரைக் கோர்ட்டுடன் என்னையும் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமைகளில் கூப்பிடுகிறார்கள். போன மாதம் டின்னையும் எடுத்துப்போனேன். வாசலில் பாதுகாப்பு வேலை செய்யும் மனிதர் பையைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "இது ஆர் சேர் கீறின?"

"நான்தான்," என்றேன் உடனே. அவர் கையில் இருந்தது ஒரு டோர்ச் மட்டும்.

வீட்டுக்கு வந்து அடுத்த நாள் பாஸுக்குப் போன் எடுத்தேன். இந்த முறை பகிடி விடாமல், சாவடியில் நான் வாய் திறக்காததைச் சொன்னேன்.

"அந்தாளுக்குத் தெரியும்கா," என்றார் பாஸ்.

"ஆருக்கு?"

"அந்த ஓபிசருக்கு. டின்னத் திருப்பி வச்சிட்டு என்னட்ட என்ன கேட்டான் எண்டு நினைக்கிறாய்? நீ கீறினாயெண்டா எத்தினை பல்லு எண்டு சொல்லு எண்டான்."

"நீங்க என்ன சொன்ன?"

"பத்து."

நான் டின்னைப் பார்த்தேன். எண்ணத் தேவையில்லை. அந்த மனிதர் குனிந்து எண்ணியதும், நிமிர்ந்து என்னைப் பார்த்ததும், கத்தியை என்னிடம் நீட்டியதும் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் இருந்தன. ரோட்டில் இருந்த மூன்று பேரில், அதிகாரிக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

"டின் கிட்டவா இரிக்கி?" என்றார் பாஸ்.

"மேசையில இரிக்கி."

"அம்பிளிஃபயர்ல கொழுவு. மறுகா போனை அதுக்குக் கிட்ட வை."

கொழுவினேன். வால்வு சூடாக அரை நிமிடம் பொறுத்தோம். குசினிக்குள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இப்ப உதை," என்றார்.

டின்னை நிலத்தில் வைத்து, காலைத் தூக்கி உதைத்தேன்.