ரோட்டுக்குக் கீழே ஒரு வீடு

காலையில் கட்டிலோடு இங்கிலீஷ் பேசுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நான் வேலை பார்க்கும் நாலு அறை கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தால் பார்க்கலாம். தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு "பில்லோ ஆன் த பெட்" என்பேன். குனிந்து செருப்பை உள்ளே தள்ளி "ஸ்லிப்பர் அண்டர் த பெட்" என்பேன். கதவுக்குப் பின்னால் துண்டு, அலமாரிக்குள் கம்பளி, வாளிக்குப் பக்கத்தில் சொம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் உண்டு. ஒருநாள் அறையைக் காலி செய்த ஒருவர் மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தார். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மரியாதையாக வாசலிலேயே நின்றார். நான் மட்டும் வெளியே வந்ததும் என்னையும் பார்த்தார், காலிக் கட்டிலையும் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இந்தக் கூத்தெல்லாம் தேவையா என்று கேட்பீர்கள். எனக்குத் தேவையாக இருந்தது.

நான் கடலுக்கு அக்கரையில், இலங்கையின் ஹட்டன் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பத்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறினேன். அக்காவுக்கு அதற்குள் கல்யாணமாகியிருந்தது, எங்களுக்குக் கிடைக்காத இலங்கைக் குடியுரிமை மாமாவுக்குக் கிடைத்திருந்தது. அதனால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். எங்களுக்கு முதலில் மண்டபம் முகாம், பிறகு வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கக் கூட்டிவந்த காட்டுக் குடிசை, பிறகு பேத்துப்பாறையில் ஒண்டுக் குடித்தனம். உள்ளூர்க்காரரான என் புருஷனைக் கட்டிய பிறகும் வீடு நிலைக்கவில்லை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் எங்களுக்குக் கூரை இல்லாமல் போனது. இந்த கெஸ்ட் ஹவுஸின் பின்கட்டில் இருக்கும் இரண்டு அறையில்தான் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறோம். என் ஆயுளில் நான் அதிக நாள் இருந்த வீடு இதுதான். மூட்டை கட்டுவதில் நான் கெட்டிக்காரி, ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குச் சலித்துவிட்டது.

வீட்டுக்குச் சொந்தக்காரர் ஜெயந்தி மேடம். போன வருஷம் திடீரென்று, பெங்களூரில் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். வீட்டை ஒரு கம்பெனியிடம் விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது. என் இங்கிலீஷ்மேல்தான் இல்லை.

"மூணு மாசம் பாக்குறேன் ஈஸ்வரி. ஃபோன்ல கெஸ்ட் கேக்குறதுக்கு நீயே பதில் சொல்லிட்டா வீடு உன் பொறுப்பு. இல்லேன்னா கம்பெனிக்காரங்க அவங்க ஆளோட வந்துருவாங்க" என்றார்.

கொடைக்கானலில் இங்கிலீஷுக்குப் பஞ்சமில்லை. ரூம், ஹீட்டர், ஹாட் வாட்டர், செக் அவுட் என்று பெரிய சொற்களையெல்லாம் சுற்றுலா வருகிறவர்களே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றுக்கு நடுவே நிற்கிற ஆன், இன், அண்டர் மாதிரிக் குட்டிச் சொற்களை மட்டும் யாரும் விட்டுப்போகவில்லை. தமிழில் அவற்றைச் சொல்லின் வாலில் ஒட்டிவிடுகிறோம், அவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மகளின் பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, சாயங்காலம் அடுப்படியில் புருஷனிடம் ஒப்பிப்பேன். அவர் மார்க்கெட்டில் கேரட் மூட்டை ஏற்றிவிட்டு வந்த அலுப்பிலும் பொறுமையாகக் கேட்பார், பிறகு கேள்வி கேட்டுக் குடைவார்.

"ஆனுன்னா மேலன்னுதான சொன்ன? அப்ப ஆன் த பஸ்ஸுன்னா பஸ்ஸு மேல ஏறியா போறாங்க? தைப்பூசத்துக்குப் பழனி போற கூட்டந்தான் அப்பிடிப் போகும்" என்றார் ஒருநாள். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் ரசம் பொங்கிப்போனது.

முதல் மாதமே சறுக்கினேன். வழி கேட்ட ஒரு குடும்பத்திடம் ஃபோனில், "அவர் ஹவுஸ் இஸ் அண்டர் த ரோடு" என்றேன். அவர்கள் பாலமோ சுரங்கமோ இருக்கும் என்று அரைமணி நேரம் தேடியிருக்கிறார்கள். ஊருக்குப் போனபின், ரொம்ப நல்ல அம்மா, ஆனால் ரோட்டுக்கு அடியில் குடியிருப்பதாகச் சொல்கிறார் என்று இன்டர்நெட்டில் எழுதிவிட்டார்கள். மேடம் அதை ஃபோனில் வாசித்துக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதேன். என்ன தப்பு என்றுகூட முதலில் விளங்கவில்லை. வீடு ரோட்டுக்குக் கீழேதானே இருக்கிறது? ரோட்டிலிருந்து இருபது படி இறங்க வேண்டும். அண்டர் என்றால் நேர் அடியில், இதற்கு பிலோ என்று சொல்ல வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மலையில் இருக்கிறவர்களுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று ஏது, மேல் வீடும் கீழ் வீடும்தான். புத்தகத்தில் இருந்த பூனையும் பெட்டியும் எப்போதும் சமதரையிலேயே இருந்தன. அதை எழுதியவர் மலை ஏறியிருக்க மாட்டார்.

மூன்றாவது மாதக் கடைசியில் மேடம் பெங்களூரிலிருந்து நேரில் வந்தார். அன்று நாலு மணிக்கே மேகம் இறங்கிவிட்டது, எதிரே இருந்த வேலிகூடத் தெரியவில்லை. மேடம் தேநீரோடு ஹாலில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. புனேயிலிருந்து கைக்குழந்தையோடு கார் ஓட்டிவந்த ஒரு கணவனும் மனைவியும். மேப் அவர்களை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டது. என்ன தெரிகிறது என்று கேட்டேன். நத்திங், நத்திங் என்றார் அந்தப் பெண். குரல் உடைந்திருந்தது. ஃபோனை வாங்கிக்கொள்ள மேடம் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

சின்ன வயதில், தேயிலைத் தோட்டத்தில் மேகம் இறங்கும் நாட்களில், கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு நான் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோவேன். ஒருமுறை வழி தெரியாமல் நின்று அழுதேன். அக்கா எங்கிருந்தோ குரல் கொடுத்தாள். "கண்ண மூடிக்க புள்ள. கால் ஏறுதா எறங்குதான்னு பாரு. ஏறுனா நான் இருக்கேன்" என்றாள். அப்படியே போய்ச் சேர்ந்தேன்.

அந்தப் பெண்ணிடம் ரோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டேன். இறங்குகிறது என்றார். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா பாருங்கள் என்றேன். கேட்கிறது என்றார். எனக்கு இடம் பிடிபட்டுவிட்டது. எங்கள் திருப்பத்தைத் தாண்டி ஓடைப் பாலத்துக்குப் போய்விட்டார்கள். "நோ மோர் டவுன். டர்ன். கம் அப், ஸ்லோ. ஐ ஆம் அபவ் யூ" என்று சொல்லிக்கொண்டே படியேறி ரோட்டில் போய் நின்றேன். ஹாரன் அடிக்கச் சொன்னேன். சத்தம் கிட்டே வரவர, ஏறுங்கள், இன்னும் ஏறுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கார் விளக்கு இரண்டும் மங்கலாகத் தெரிந்தபோது கையைத் தூக்கி ஆட்டினேன்.

குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தேன். மேடம் ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ பேசுனதுல பாதி தப்பு ஈஸ்வரி" என்றார். "ஆனா வந்துட்டாங்கள்ல." பிறகு சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் இந்த மலையில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். எனக்கு வீடு நிலைத்துவிட்டது, இனி யாரும் கிளம்பு என்று சொல்ல மாட்டார்கள், மூட்டையே கட்ட வேண்டாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் நல்லது புள்ள, நல்லது என்றாள். பிறகு கேட்டாள்.

"அப்ப இனி இங்கிட்டு வரவே மாட்ட, என்னா?"

இத்தனை வருஷமும் நான் இந்தக் கரையில் எங்கேயும் நிலைக்காமல் இருந்ததையே, திரும்பி வருவேன் என்பதற்கு அடையாளமாக அவள் வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வருவேன் அக்கா, வந்து பத்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன் என்றேன். வீடு என்று நான் எதைச் சொன்னேன் என்பதை அவள் கவனித்திருப்பாள். எனக்குக் காட்டுவதற்காக ஃபோனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அங்கே தேயிலைக்குமேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் சின்னச் சதுரத்தில் நான் இருந்தேன், எனக்குப் பின்னாலும் மேகம் ஏறிக்கொண்டிருந்தது.