மத்தி ஆலையில் பாடிய நாவல்

கொராந்தினைப் பற்றிக் கேட்க நகரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அவர் எந்த அறையில் உட்கார்ந்து எழுதினார்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உட்கார்ந்தாளாமே! மீனை எண்ணெயில் பொரித்து டப்பாவில் அடைக்கும் கெர்வோர் மத்தி ஆலையில் எங்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. எங்கள் கடற்கரை ஜனங்கள் பேசும் பிரெத்தோன் மொழிக்கு நான்கு நாவல்கள் கொடுத்தவள், அதில் முதலாவதை நின்றுகொண்டேதான் செய்தாள். கையில் கத்தி, முழங்கைவரை செதிள்.

அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது அவளுக்கு ஒன்பது வயது. பன்னிரண்டில் ஆலைக்கு வந்துவிட்டாள். பாதிரியார் வீட்டு அலமாரியில் இருந்த புத்தகங்களையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டு, "இதுல மீன் நாத்தமே இல்லியே லீசிக்" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். அதற்கப்புறம்தான் எழுத ஆரம்பித்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கறுப்புக் கோதுமை அடைத் தட்டை ஓரம் தள்ளிவிட்டு, சமையல் மேசையிலேயே நோட்டை விரிப்பாள். கதை எங்களைப் பற்றியதுதான். மரியானிக் என்ற பெண்ணுக்குக் கொதிக்கிற எண்ணெயில் கை வெந்துபோகிறது. முதலாளியின் மனைவி வந்து அவளுக்கு ஒரு பூவேலைக் கைக்குட்டை கொடுக்கிறாள். அதோடு சரி. வேறு எதுவும் கிடையாது. எங்கள் ஆலையில் நடந்ததும் அதுதான், பெயர் மட்டும் வேறு.

1934 கோடையில் ஒரு நாள் வேலை முடிந்து, நாங்கள் மீன் வெட்டும் மேசையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நோட்டைக் கொண்டுவந்து எங்களிடம் நீட்டினாள்.

"பத்து மணி நேரம் நின்னுட்டுப் போயி எவடி படிப்பா? எனக்கு இப்பவே கண்ணு சொருகுது" என்றேன்.

"நம்ம கதைய நாமளே படிக்கணுமாக்கும்? அதான் தெரிஞ்ச கதையாச்சே" என்றாள் மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி.

கொராந்தினுக்கு முகம் வாடவில்லை. "தெரிஞ்ச கதைதான். ஆனா நான் எழுதினது நெசமான்னு நீங்கதானே சொல்லணும்? நீங்க சொல்லாம இத அச்சுக்கு அனுப்பமாட்டேன்" என்றாள்.

மறுநாள் அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். ஆலையில் பேசக்கூடாது, பாடலாம். பேச்சு கையைக் கட்டிப்போடும், பாட்டு கையை ஓட்டும் என்பது முதலாளியின் கணக்கு. எங்கள் நடனப் பாட்டில் ஒருத்தி வரியை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் அதன் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார்கள். கொராந்தின் தன் நாவலை அப்படி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்குக் கால் அத்தியாயம் போகும்.

அதில் ஒரு வேடிக்கை. எங்களுக்குப் பொய்யாகப் பட்ட வரியை நாங்கள் திருப்பிப் பாட மாட்டோம். "கை வெந்த மரியானிக் தேம்பி அழுதாள்" என்று அவள் எடுத்தபோது முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டு மீனின் தலையைக் கிள்ளினோம்.

"என்னடி?" என்று கண்ணாலேயே கேட்டாள்.

நான் அதே ராகத்தில் பாடினேன்: "அழவும் இல்ல, தேம்பவும் இல்ல, கெட்ட வார்த்தைதான் சொன்னா!"

மேசையே சிரிப்பில் குலுங்கியது. கொராந்தின் அந்தக் கெட்ட வார்த்தையையும் சேர்த்தே எழுதினாள்.

எங்களைக் கண்காணித்தவள் மதாம் பிரிஜாந்த். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் எப்போதும் ஒரு சிடுசிடுப்பு. எங்கள் தெருக்காரிதான், ஆனால் ஆலைக்குள் யாரையும் தெரியாதவள்போல நடப்பாள். அந்தக் கோடையில் மட்டும் எங்கள் மேசைப் பக்கம் வந்தால் அவள் நடை மெதுவாகிவிடும். வேவு பார்க்கிறாள் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கைக்குட்டை அத்தியாயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. யார் மூலம் போனது என்று இன்றுவரை தெரியாது. நான் பிரிஜாந்தைத்தான் சந்தேகப்பட்டேன். முதலாளி நேராக எங்கள் மேசைக்கு வந்தார். கொராந்தின் எடுத்துக் கொடுத்த வரியை நாங்கள் திருப்பிப் பாடுவதற்குள் பாட்டு பாதியில் நின்றது. "நீ வெளியே போ" என்றார் கொராந்தினிடம். எங்களைப் பார்த்து, "இனி இங்கே பாட்டும் கிடையாது" என்றார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். நோட்டைத் துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டிருந்தாள்.

"பாதிதான்டி பாடியிருக்கோம், முடிக்க வேண்டாமா?" என்றேன்.

"நீங்க இல்லாம எது நெசம், எது பொய்யின்னு எனக்கு யாருடி சொல்லுவா? செத்துப்போச்சு லீசிக், விடு" என்றாள். அவள் கண்ணில் நீர் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

நாங்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. சொன்னபடி வாயை மூடிக்கொண்டோம், அவ்வளவுதான். பாட்டில்லாமல் கை ஓடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நாள் நாங்கள் வேண்டுமென்று மெதுவாகச் செய்யவில்லை. மூன்றாம் நாளைப் பற்றிச் சத்தியம் பண்ண மாட்டேன்.

அந்த மூன்றாம் நாள்தான் படகுகள் விளிம்புவரை மத்தியோடு வந்து நின்றன. கூடை கூடையாகக் கொட்டினார்கள். ஆகஸ்ட் வெயில். மதியத்துக்குள் குவியலின் அடியில் மீனுக்கு வயிறு வெடிக்கத் தொடங்கிவிட்டது. முதலாளி ஓடி வந்தார்.

"ஏன் இப்படி ஆமை மாதிரி...? பாடுங்க! பாடித் தொலைங்க!"

"நீங்கதானே முசியே பாடக்கூடாதுன்னீங்க?" என்றேன் பவ்யமாக.

"இப்ப நானே சொல்றேன், பாடுங்க!"

"எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே பாட்டு முசியே. அதோட மிச்சம் வெளில இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். கடைசியில், "மதாம் பிரிஜாந்த், போய் அவளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் பிரிஜாந்த் ஏற்கெனவே வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

கொராந்தின் மரச்செருப்பு தடதடக்க வந்தாள். ஏப்ரனைக் கட்டினாள், கத்தியை எடுத்தாள், வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. எந்த வரியில் நிறுத்தினாள் என்பது மறந்துபோயிருந்தது. நோட்டு வீட்டில். எங்களுக்கும் பதற்றத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முதலாளியின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு குரல் எழுந்தது:

"கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க மரியானிக் படியேறினாள்..."

மதாம் பிரிஜாந்த்! சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதலாளியின் பக்கமே பார்க்காமல், கொராந்தின் நிறுத்திய அதே வரியைப் பாடினாள். முடித்துவிட்டு, "மூணு நாளா நானும் கேக்கணும்னு இருக்கேன், மேல போயி அவ என்னடி சொன்னா?" என்றாள்.

கொராந்தின் எங்களைப் பார்த்தாள். நெசமா, பொய்யா?

முப்பது பேரும் அந்த வரியின் வாலைப் பிடித்தோம். கூரைத் தகரம் அதிர்ந்தது. "மரியானிக் படியேறினாள், மரியானிக் படியேறினாள்!" ஒருத்திகூட வாயை மூடியிருக்கவில்லை.