காகிதம் கொடுத்தவள்

ஜெகதாப்பட்டினத்தில் நான் மேனேஜராக இருக்கும் ஐஸ் கம்பெனியில், முதலாளியிடம் எதையும் வாயால்தான் கேட்க வேண்டும். அவர் கையில் காகிதத்தைக் கொடுத்தால் வேலையை விட்டுப் போகிறோம் என்று அர்த்தம். எங்கும் எழுதி ஒட்டவில்லை. வருஷக்கணக்காக அப்படித்தான்.

படகுகளுக்கு ஐஸ் சீட்டு எழுதும் பெண் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு இது தெரியாது. புருஷன் இறந்துவிட்டான், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. மாமியாரை வாரத்தில் இரண்டு நாள் காலையில் டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டை கூட்டிப் போக வேண்டும். அந்த இரண்டு நாளும் மத்தியானம் வேலைக்கு வர அனுமதி வேண்டும். எப்படிக் கேட்பதென்று என்னை விட்டுவிட்டு, செல்போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்டிருக்கிறாள்.

"ஏன், எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க வள்ளுனு விழுவீங்கண்ணே. அது எத்தன வாட்டி கேட்டாலும் பொறுமையாச் சொல்லுது" என்று சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற லோடுமேன்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கோபக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இத்தனை பேர் முன்னாலா? "அப்ப அதுகிட்டயே கேட்டுக்க, போ" என்று திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் டைப் செய்த காகிதத்தோடு முதலாளி அறைக்குப் போனாள். ஏஐ எழுதிக் கொடுத்த விண்ணப்பம். அதைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் முதலாளியைப் பற்றி அதற்கு யார் சொன்னார்கள்? எனக்குத் தெரியும். "காயிதத்தப் பைக்குள்ள வச்சுட்டு வாயால கேளு ஆத்தா" என்றால் போதும். சொல்லவில்லை. நல்லாப் படட்டும் என்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

முதலாளி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, அந்தப் புள்ள வேலைய விடுதா?"

"எழுதியே குடுத்துருச்சே மொதலாளி" என்றேன்.

சாயங்காலத்துக்குள் அவர் அந்த வேலைக்குத் தன் சொந்தக்காரப் பெண்ணை வரச் சொல்லிவிட்டார். இவள் விஷயம் தெரிந்து ஓடிப்போய் அழுதபோது, வாக்குக் கொடுத்தாச்சு என்று கையை விரித்துவிட்டார்.

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைசியாக என் மேஜைக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்க எனக்காக எடுத்துச் சொல்லியிருப்பீங்கண்ணே. அவருதான் கேக்கல, என்ன செய்ய" என்றாள்.

அடப்பாவி, அப்போதாவது நான் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"ஆமாம்மா" என்றேன்.