தையல்காரி போட்ட ஓட்டை

கொட்டகையில் அவளுக்குத் தையல்காரி என்று பெயர். ஊசி நூலைத் தொட்டவளில்லை. துளைபோடும் இயந்திரத்தின் மிதியை அவள் மிதிக்கிற லாகவத்துக்குக் கிடைத்த பட்டம் அது. கம்பெனிகள் திரும்ப வாங்கும் போன், கருவி போன்ற பழைய மின்சாமான்கள், பேட்டரி பிடுங்கியதும் அவளிடம்தான் வரும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஓர் ஓட்டை போட்டபிறகே உடைப்பவர்கள் கைக்குப் போகும். நன்றாக ஓடுவதைக்கூட யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதாம்.

"பழசு உயிரோட இருந்தா புதுசை யாரு வாங்குவா?" என்பார் மேஸ்திரி.

அவள் சேர்ந்த புதிதில் வந்த சாமான்களில் திருகாணி இருந்தது. கழற்றிப் பழுது பார்க்கலாம். பிறகு எந்தக் கடைத் திருப்புளிக்கும் மசியாத திருகாணி வந்தது. இப்போது எல்லாமே பசைபோட்டு ஒட்டியவை. பிறக்கும்போதே சாவுக்கு நாள் குறித்து அனுப்புகிறார்கள், பாவிகள்.

வீட்டில் தம்பிக்குக் காது கேட்காது. சின்ன வயதில் அறுவை செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். காதின் பின்னால் இன்னொன்றை மாட்டினால்தான் அது வேலை செய்யும். மாட்டுகிற கருவி போன மழையில் நனைந்து செத்துப்போனது. அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதியது இதோடு சேராது, தலையை மறுபடி திறக்க வேண்டும் என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. அன்றிலிருந்து வருகிற பெட்டியில் எல்லாம் அவள் அதைத்தான் தேடினாள். கிடைத்தால் திருடிவிடுவது என்று முடிவும் செய்திருந்தாள்.

இன்று மத்தியானம் கலந்துகட்டி ஒரு பெட்டி வந்தது. கை எடுக்கும், வைக்கும், கால் மிதிக்கும். பழகிய வேலைக்குக் கண் எதற்கு? வளைவாக ஏதோ விரலில் சிக்கியது. கை வைத்தது, கால் மிதித்தது, பிறகுதான் கண் பார்த்தது.

அதே மாடல். நடுவில் அவள் போட்ட ஓட்டை.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்லண்ணே."

வீடு வரும்வரை அந்தத் துளைபோடும் சத்தம் காதுக்குள் குடைந்தது. தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"என் காலாலேயே மிதிச்சுக் கொன்னுட்டேன்டா," என்றாள் அந்த முதுகிடம்.

துண்டால் துடைத்தபடி திரும்பியவன் அவள் முகத்தைப் பார்த்தான். தன் குரல் தனக்கே கேட்காததால், எப்போதும்போல உரக்கக் கேட்டான்: "இன்னைக்கும் வரலையாக்கா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"விடுக்கா. உன் கையைத் தாண்டி எங்க போயிடும்?"