மச்சான் பார்த்த பெட்டி

நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. கடலூர் சிப்காட்டில் லாரியில் பேரல் ஏற்றி இறக்கும் கூலியாக நுழைந்தேன். பிறகு அதே கம்பெனிகள் காலி செய்து போடுகிற பேரல்களை மொத்தமாக ஏலத்தில் எடுத்து, கழுவி, ஒடுக்கு நீக்கி, வர்ணம் அடித்து விற்கிற அளவுக்கு வந்தேன். மங்கலம்பேட்டை வரைக்கும் போய்க் கேளுங்கள், பேரல்காரர் என்றால் என்னைத்தான் சொல்வார்கள். இதை எழுதிக் காட்டியதுமே என் மனைவி, "ஆரம்பிச்சிட்டீங்களா" என்கிறாள். ஆரம்பிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்த ஏலங்களில் நான் பழகிய ஒரு வித்தையால்தான் இன்றைக்கு மனசு குத்துகிறது.

வித்தை இதுதான். ஏலத்தில் நான் சரக்கைப் பார்க்க மாட்டேன். எதிரில் நிற்கிறவன் கண்ணைப் பார்ப்பேன். அவன் கண் எந்தக் குவியலுக்கு இரண்டாவது தடவை திரும்பிப் போகிறதோ, அதை நான் எடுத்துவிடுவேன். படித்தவன் சரக்கைப் பரிசோதிக்கட்டும், நான் படித்தவனைப் பரிசோதிக்கிறேன். முப்பது வருஷம் இப்படித்தான் பிழைத்தேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

தொழிலைப் பையனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது எனக்குக் கை நமநமவென்றது. சிதம்பரத்தில் என் மகள் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு மேலே ஒரு ஹால். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே சீட்டாட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பதறிப்போய்க் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் ரம்மி இல்லை, காசும் இல்லை. குள்ளர்களும் பூதங்களும் பறவைத் தலை ராஜாக்களும் அச்சடித்த வெளிநாட்டுச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, வளர்ந்த மனிதர்கள் ஐந்து பேர் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். என் மகள், ஒரு மருந்துக்கடைக்காரர், கல்லூரியில் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள், என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கல்லூரி நூலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சம்சாரம் போய் மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை கிடையாது. தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக இருக்கிறான். கடைக்குப் போவான், வருவான், அவ்வளவுதான். என் மகள்தான் வற்புறுத்தி அவனை இந்த ஹாலுக்கு இழுத்து வந்தாள். வந்தவன் அந்த விளையாட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டான்.

விளையாட்டில் மொத்தம் ஆறு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அறுபது சீட்டு. என் மகள் இங்கிலீஷில் ஃபேக்‌ஷன் என்பாள். நான் கட்சி என்பேன். மச்சான் மட்டும் குலம் என்பான். அவனுடைய குலம் சேற்று நாட்டார். முதலை, நாணல், தலைமுடி ஈரமான கிழவிகள், இப்படிப் படங்கள். மற்ற கட்சிகளில் செத்த சீட்டு செத்ததுதான், ஓரமாகப் போட்டுவிட வேண்டும். சேற்று நாட்டாருக்கு மட்டும் செத்த சீட்டு சேற்றுக்குள் போகும், பொறுமையாக ஆடினால் திரும்ப மேலே வரும். பொறுமை எனக்கு ஆகாது. நான் இரும்பு மலைக் குள்ளர்களை வைத்து ஆடினேன். அடி, உடை, முன்னே போ. ஆறே மாதத்தில் அந்த ஹாலில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை.

மருந்துக்கடைக்காரர், "இன்னா சார், இங்கிலீஷ் தெரியாமயே எங்கள இந்தப் போடு போடறீங்க?" என்பார்.

"அதான் தமிழ்ல ஒட்டியிருக்குல்ல" என்பேன்.

சீட்டுகளில் எல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் ஒவ்வொரு சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அந்தச் சீட்டு என்ன செய்யும் என்று பெரிய பெரிய எழுத்தில் தமிழில் எழுதிய துண்டுச் சீட்டை உள்ளே செருகியிருந்தார்கள். மச்சான் எழுத்து. அவனுக்கும் இங்கிலீஷ் தகராறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் மகள் ஒரு பந்தயம் வைத்தாள். எட்டு ஞாயிறு. ஆளுக்கு ஒரு கூட்டம், எட்டு வாரமும் அதே கூட்டத்தோடுதான் ஆட வேண்டும், மாற்றக்கூடாது. யார் முதலில் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கினோம். எனக்கு ஒன்று வந்தது. மச்சானுக்கு நான்கு.

அவனுக்கு நான்கு வந்ததில் யாருக்கும் கவலை இல்லை. சேற்று நாட்டார் பெட்டியை மச்சானைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். பேசி வைத்துக்கொண்டதில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். குள்ளர் பெட்டி என் எதிரிலேயே இருந்தது.

"ஒங்களுக்குப் புடிச்சத எடுங்கப்பா" என்றாள் மகள்.

நான் பெட்டிகளைப் பார்க்கவில்லை. பழக்க தோஷம், மச்சானின் கண்ணைப் பார்த்தேன். அது சேற்று நாட்டார் பெட்டிக்குப் போனது, ஜன்னலுக்குப் போனது, மறுபடியும் பெட்டிக்கே வந்து நின்றது. என் கை தானாக நீண்டு அந்தப் பெட்டியை எடுத்தது.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில், "சார், நீங்க குள்ளர் கட்சியாச்சே?" என்றார்.

"கட்சி மாறக் கூடாதுன்னு சட்டமா?" என்று சிரித்தேன்.

மச்சான் என்னைப் பார்த்து, "எடுத்துக்குங்க மாமா. நல்ல குலம் அது" என்றான். தன் முறை வந்தபோது மிச்சம் இருந்ததில் எதையோ எடுத்துக்கொண்டான்.

முதல் ஞாயிறு ஜெயித்தேன். இரண்டாவது ஞாயிறு மச்சானோடேயே மோதி ஜெயித்தேன். நான் இறக்கிய சீட்டுகள் எல்லாம் அவன் இரண்டு வருஷமாகக் கையில் வைத்திருந்த சீட்டுகள், அவன் எழுத்து. அதைப் படித்துப் படித்துத்தான் அவனை அடித்தேன். மூன்றாவது ஞாயிறு அவன் வரவில்லை. கால் வலி என்று மகளுக்குப் போன் பண்ணியிருந்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எந்தம்பிகிட்டேர்ந்து இன்னாத்தப் புடுங்கினீங்க?" என்றாள்.

"வெளையாட்டுடி அது."

"வெளையாட்டுக்கு அவன் கால் வலிக்குமா?"

நான்காவது ஞாயிறும் அவன் வரவில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு மகள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "மாமா வூட்ட வுட்டு வெளியவே வர்றதில்லப்பா. போன் பண்ணா எடுத்து வச்சிடறாரு" என்றாள். எனக்கு அப்போதும் சமாதானம் சொல்லத்தான் வாய் வந்தது. "வயசாச்சி, இங்கிலீஷ் சீட்டு, அவனுக்கும் கஷ்டமாத்தான இருக்கும். பாவம், அத்தனைக்கும் தமிழ்ல எழுதி வச்சிருந்தான்" என்றேன்.

மகள் கையை நிறுத்தினாள்.

"அவருக்கு எதுக்குப்பா தமிழ்ல? அவரு முப்பத்தஞ்சு வருஷம் இங்கிலீஷ் பொஸ்தகத்தோட இருந்தவரு. நீங்க மொதமொதல்ல இங்க வந்து முழிச்சிங்கள்ல, அந்த வாரம் ஒக்காந்து ஆறு பெட்டிக்கும் எழுதினாரு. பெரிய எழுத்துல எழுதுனாத்தான் ஒங்களுக்கு வாசிக்கத் தோதா இருக்கும்னாரு. ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு வேற சொன்னாரு."

அறுபதை ஆறால் பெருக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம். முந்நூற்று அறுபது துண்டுகள்.

அங்கிருந்து நேராக அவன் வீட்டுக்கு நடந்தேன். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். தேர் ஓடுகிற வீதியில் ஆட்டோக்களுக்கு நடுவே சேற்று நாட்டார் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். என் வயசில், என் நிலைமையில் இருக்கிற ஒருவன் இப்படி ஒரு படம் போட்ட பெட்டியோடு போவதை நாலு பேர் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

மச்சான் கதவைத் திறந்தான். காலில் வலி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"வாங்க மாமா. அக்கா வர்லியா?"

"இந்தா, வச்சிக்க" என்று பெட்டியை நீட்டினேன்.

அவன் கையைக் கட்டிக்கொண்டான். "அதெப்படி? எட்டு வாரம் மாத்தக் கூடாதுல்ல. சட்டம் சட்டந்தான்."

"சட்டத்தத் தூக்கிக் குப்பையில போடு. ஒன்னுதுன்னு தெரிஞ்சிதான் எடுத்தேன்."

"என்னுதுன்னு அதுல எழுதியிருக்குதா? மொத நம்பர் ஒங்களுக்கு வந்திச்சி, எடுத்தீங்க. ஒக்காருங்க, காபி போடறேன்."

காபி வந்தது. பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவே ஸ்டூலில் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திடீரென்று கேட்டான்.

"மாமா, இதுல ஒங்களுக்கு எந்தச் சீட்டு புடிக்கும்?"

"எல்லாந்தான்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

யோசித்தேன். எந்தச் சீட்டு எத்தனை அடி அடிக்கும் என்று தெரியும். எதை எப்போது இறக்கினால் எதிராளி முழிப்பான் என்று தெரியும். பிடித்தது எது என்று தெரியவில்லை. என் மகள் அன்றைக்குப் "புடிச்சத" என்று சொன்னதும் என் காதில் ஒரே ஒரு அர்த்தம்தான் விழுந்திருக்கிறது: கையால் பிடிப்பது. மனசால் பிடிப்பதும் அதே சொல்தான் என்பது எனக்கு இத்தனை வயசு வரைக்கும் உறைக்கவில்லை. ஏலத்தில் எடுத்த குவியல்களில் எனக்குப் பிடித்தது என்று ஒன்று இருந்ததா? யாரோ ஒருவன் ஆசைப்பட்டது. அவ்வளவுதான்.

"நீ பாத்த. அதனால எடுத்தேன்" என்றேன்.

மச்சான் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். "தெரியும் மாமா. ஒங்களுக்கு நெசமா அந்தக் குலத்து மேல ஆச வந்து எடுத்திருந்தீங்கன்னா, நான் எதுத்தாப்புல ஒக்காந்து சந்தோஷமாத் தோத்திருப்பேன். அதான் கஷ்டமாப் போச்சி."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பேன். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்து, அதைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டான்.

ஐந்தாவது ஞாயிறு நான் ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டேன். எல்லோர் முன்னாலும் காரணத்தைச் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் கிண்டல் பண்ணுவார் என்று பார்த்தேன், பண்ணவில்லை. அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் போகிறேன். ஓரத்தில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாக எடுத்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். அடி எத்தனை என்று பார்ப்பதில்லை. படத்தைப் பார்க்கிறேன். மச்சானின் எழுத்தைப் பார்க்கிறேன். சில துண்டுகளில் தப்பாக எழுதி அடித்துத் திருத்தியிருக்கிறான். ஒன்றில் காபிக் கறை இருக்கிறது.

போன வாரம் ஒரு சீட்டில் நின்றுவிட்டேன். நாணலுக்குள் நின்றுகொண்டு ஒரு எருமை வாயை அசைக்கிறது. அதற்கு அடியும் கிடையாது, தற்காப்பும் கிடையாது. 'இது எதுவும் செய்யாது. சும்மா இருக்கும். யாரும் இதை விரட்ட முடியாது' என்று எழுதியிருந்தது. ஆட்டத்தில் நான் ஒரு தடவைகூட அதை இறக்கியதில்லை, வீண் சீட்டு என்று அடியில் போட்டுவிடுவேன். ஏனோ அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் யாரும் இல்லை. யாருடைய கண்ணும் அதன் மேல் இல்லை.

போனைப் போட்டேன். நாலாவது தடவை மணி அடித்தபோது எடுத்தான்.

"மச்சான், ஒண்ணு இருக்குது."

"இன்னாது மாமா?"

"எரும."

"அதுவா? அது எனக்குச் சுத்தமாப் புடிக்காதே" என்றான்.

"ஒனக்குப் புடிக்காட்டி என்னா. எனக்குப் புடிச்சிருக்குது."

அவன் சிரித்தானா, இருமினானா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் வருவதா வேண்டாமா என்பதையும் அவனிடமிருந்து பிடுங்குவது போல் ஆகிவிடும். "அக்காவ கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.