வேரோனிக்கா எழுதாமல் விட்ட ஐந்து பெயர்கள்

ரொறன்ரோவில், மல்வேர்னின் அந்த ரவுன்ஹவுஸ் வீட்டு வரிசையில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அது முதலில் போய்ச் சேருவது வேரோனிக்காவின் சாப்பாட்டு மேசைக்குத்தான். சுகாதார அட்டை, பள்ளிக்கூடப் பதிவு, ஊரிலிருந்து ஆட்களை எடுப்பிக்கிற ஸ்பொன்சர் கடுதாசி, எதுவானாலும் "அக்கா, உங்கட கையால எழுதித் தாங்கோ" என்று கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அவளும் பேக்கரியில் எட்டு மணித்தியாலம் நின்று வீங்கிய காலை இன்னொரு கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, முத்து முத்தாக எழுதிக் கொடுப்பாள். நாற்பத்தைந்து வயது. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வாய் மட்டும் ஊருக்கே காணும். ஆனால் எழுத்தை யாராவது புகழ்ந்தால் போச்சு, முகம் கறுத்துவிடும். "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இராது, எழும்பிப் போங்கோ" என்று கலைத்துவிடுவாள். அதை எல்லோரும் பகிடி என்றே நினைத்தார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு யூன் மாதம், வரிசைக் கடைசி வீட்டு ஜெயரட்ணம் ஒரு பெரிய திட்டத்தோடு வந்தார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வெள்ளைக்காரன் செய்கிறதையெல்லாம் தமிழனும் ஒருதரமாவது செய்துபார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஐந்து குடும்பங்கள், வேரோனிக்காவோடு சேர்த்து இருபத்துநாலு பேர், ஓகஸ்ட் லோங் வீக்கெண்டுக்குக் காட்டுக்குள் கூடாரம் அடிப்பது என்று தீர்மானித்தே வந்திருந்தார்.

"எல்லாரும் காம்புக்குப் போறம்!" என்றார், வாசலிலேயே நின்று.

பக்கத்து வீட்டுக் கிளடிஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கோதாரி, அந்தச் சொல்லை விடுங்கோ அண்ணை! ஊரில ஆமிக் காம்புக்குப் போனவன் எவன் திரும்பி வந்தவன்?"

எல்லோரும் சிரித்தார்கள். வேரோனிக்காவும் சிரித்தாள், ஆனால் எல்லோருக்கும் பிந்தித்தான்.

ஜெயரட்ணம் இரண்டு இடங்களின் படங்களை மேசையில் பரப்பினார். ஒன்று ஆற்றங்கரைக் காடு. மற்றது பழைய கோட்டையுள்ள பூங்கா. அங்கே அந்தக் காலத்து ஆமிக்காரர் மாதிரிச் சிவப்புக் கோட்டுப் போட்டவர்கள் துவக்கு வெடி வைத்துக் காட்டுவார்களாம், பிள்ளைகளுக்கு வரலாறு தெரியவருமாம்.

"ஆமியையும் வெடியையும் பாக்கப் பெற்றோலும் அடிச்சுக்கொண்டு போறதோ?" என்றாள் கிளடிஸ். "உங்களுக்கு விசரே?" அதோடு கோட்டை கவிழ்ந்தது, ஆற்றங்கரை நிலைத்தது.

பெரிய கூட்டமாகப் போனால் வருகிற எல்லோருடைய பெயரும் வயதும் முன்கூட்டியே காட்டுப் பூங்கா அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு படிவம் இருந்தது. அதை யார் எழுதுவது? ஜெயரட்ணம் கேட்கக்கூட இல்லை. வேரோனிக்காவின் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் அந்தத் தாளை அவள் திருப்பியும் பார்க்கவில்லை. நாலாம் நாள் பின்னேரம் பேனையை எடுத்தாள். பெயர், வயது, பெயர், வயது என்று கோடு போட்டிருந்ததைக் கண்டதும் பேனையைத் திரும்பக் கீழே வைத்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னும் இப்படித்தான் கோடு போட்டாள், அப்போது கொப்பித் தாளில். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி முந்நூறு சனம் ஒரு மாதா கோயிலுக்குள் கிடந்த நேரம். பெயர்ப் பட்டியல் கொடுத்தால் அரிசி வரும் என்றார்கள். அரசாங்கக் கந்தோரில் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகத் தெரிய எழுதினாள். அரிசி வரவில்லை. ஆமிக்காரர்தான் வந்தார்கள், கையில் அவளுடைய தாள். அதிகாரி இளம் ஆண்களின் பெயர்களை மட்டும் வாசித்தான். ஒரு பெயரிலும் அவனுக்கு நாக்குத் தடுக்கவில்லை. "ஆர் எழுதினது? நல்ல எழுத்து" என்று ஆங்கிலத்தில் பாராட்டவும் செய்தான். பதினோராவது பெயர் அவளுடைய தம்பி யூட். வயது பத்தொன்பது. "வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினான். காம்புக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. தம்பியை ஆமி பிடித்தது ரொறன்ரோவில் எல்லோருக்கும் தெரியும். பட்டியல் எழுதியது யார் என்பதை மட்டும் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை, சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

சனிக்கிழமை ஜெயரட்ணமும் கிளடிஸும் தாளை வாங்க வந்தார்கள். ஜெயரட்ணம் விரலை வைத்து எண்ணினார். பத்தொன்பது. திரும்பவும் எண்ணினார்.

"பிள்ளை, அஞ்சு பேரைக் காணேல்லை. வளர்ந்த பெடியள் ஒருத்தரும் இல்லையே?"

"மறந்துபோனன் அண்ணை."

ஆருடைய பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்பதுவரை மனப்பாடமாக வைத்திருப்பவள் மறந்தாளாம்! கிளடிஸ் தாளைப் பறித்துப் பார்த்தாள். அவளுடைய மகன் ஜனார்த்தனின் பெயரும் இல்லை. இரண்டு கிழமைக்கு முன்தான் கடைத்தொகுதி வாசலில் நின்ற அவனையும் கூட்டாளிமாரையும் பொலிஸ் மறித்து விசாரித்து விட்டிருந்தது. அதை வைத்து, அவன் ரவுடிக் கேங்கில் இருக்கிறான் என்று வரிசை முழுக்கக் குசுகுசுப்பு.

"உங்களையும் நம்பினனே அக்கா," என்றாள் கிளடிஸ். "என்ர பிள்ளை கேங்கில இல்லை. நீங்களே அவன்ர பேரை வெட்டிப்போட்டியள்."

"கிளடிஸ், அப்பிடி இல்லை..."

"பிறகு எப்பிடி? சொல்லுங்கோ!"

கிளடிஸ் தாளை மேசையில் எறிந்துவிட்டு வெளியேறினாள். கதவு படாரென்று அடிபட்டது. அந்தக் கிழமை முழுவதும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் கிளடிஸ் முன்சீற்றில் போய் இருந்தாள். கனடா வந்த நாள் முதல் பக்கத்தில் இருந்து வந்தவள், இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு. உண்மையைச் சொன்னால் இந்த முதுகு என்றைக்கும் திரும்பாது என்று வேரோனிக்கா பயந்தாள். தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் சொல்லும்.

வியாழக்கிழமை பின்னேரம் ஜனார்த்தனே வந்தான். மறுநாள் படிவம் போயாக வேண்டும்.

"அன்ரி, நான் சும்மாதான் அந்தக் கடை வாசலில நிண்டனான். ஐ ஸ்வெயர். ஆர் என்ன சொன்னாலும் ஐ டோன்ற் கெயர். நீங்களும் அப்பிடி நினைச்சதுதான்..." முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

மறந்துபோனேன் என்ற பழைய பொய்யே வாய்வரை வந்தது. சொன்னால் இந்தப் பிள்ளை, அவளும் தன்னைக் கேங்க்காரன் என்று நினைப்பதாகவே எண்ணிக்கொண்டு போவான். வேரோனிக்கா கதிரையை இழுத்து அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"தம்பி, உன்னில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான் பேர் எழுதினா ஆள் திரும்பி வராது. அந்தப் பயம்தான்." பிறகு கோயில், கொப்பித் தாள், லொறி எல்லாவற்றையும் சொன்னாள். "யூட்டின்ர பேரை எழுதினது நான்தான். வயதையும் நான்தான் எழுதினனான்."

ஜனார்த்தன் படிவத்தின் தலைப்பை விரலால் தொட்டான். பிறகு மெல்லச் சொன்னான், "அன்ரி, உது பார்க் ஒவ்வீசுக்குத்தானே. இஞ்ச ஒருத்தரும் வந்து பிடிக்க மாட்டினம்."

"எனக்குத் தெரியும் அப்பு. கைக்குத் தெரியேல்லையே."

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்தான். பேனையை எடுத்துத் தன்னுடைய பெயரை எழுதினான். மற்ற நாலு பேரையும் எழுதினான். கோடு தாண்டி, சரிந்து, கோழி கிளறிய மாதிரி எழுத்து. தன் பெயருக்குப் பக்கத்தில் பத்தொன்பது என்று போட்டான்.

"பாருங்கோ, இது நான் எழுதினது. என்ன நடந்தாலும் நீங்கள் எழுதேல்லை."

வேரோனிக்கா அழுதாள். அவன் போக எழும்பியபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஜனா, அங்க என்ர கூடாரத்துக்குப் பக்கத்திலயே உன்ர கூடாரத்தை அடி. ஆராவது வந்து உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வெளியில வராத. முதல் நான் வாறன்."

பத்தொன்பது வயதுப் பெடியன், சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"ஓம் அன்ரி," என்றான்.